வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் தலைமைத்துவம் படிக்க: தேர்விலிருந்து திரும்பி வரும் வரை முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடை விடுமுறையோ, ஒரு செமஸ்டரோ, ஒரு முழு ஆண்டோ வேறொரு நாட்டுக்குப் போய்த் தலைமைத்துவப் பாடங்களை எடுத்து, அந்த கிரெடிட்டை உங்கள் பட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. வெளிநாட்டில் முழுப் பட்டம் படிப்பது வேறு கதை. ஷ்வார்ஸ்மன், செவனிங் போன்ற உதவித்தொகைகளின் பெயர்களைத் தேடும்போது பார்த்திருப்பீர்கள்; தலைமைப் பண்பைப் பார்த்து ஆள் எடுப்பவைதான் இரண்டும், ஆனால் அவை முதுகலைப் படிப்புக்கானவை. இளங்கலையின் நடுவில் இருப்பவர் அவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நான் இப்படி ஒரு செமஸ்டர் போய் வந்தவன். அதன் பிறகு அடுத்தடுத்து வந்த மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று அதில் ஓரளவு பிடிபட்டது. எல்லாரும் விசாவை நினைத்துப் பயப்படுகிறார்கள். சறுக்குவதோ கிரெடிட் காகிதத்தில், விண்ணப்பக் கட்டுரையில், போய் இறங்கிய முதல் மாதத்தில். அந்த மூன்று இடங்களில் நின்று பேசுகிறேன். மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

கிளம்பும் தேதிக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்களுக்கான உள்விண்ணப்பம் பல இடங்களில் ஒரு கல்வியாண்டு முன்னதாகவே முடிந்துவிடும். இதை அறியாமல் ஒரு வருடத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய.

படி 1: எந்த மாதிரித் தலைமைத்துவம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்பனையாகின்றன.

முதலாவது, தலைமைத்துவத்தை ஒரு பாடத்துறையாகவே படிப்பது: வரலாறு, உளவியல், அரசியல், நெறிமுறை எல்லாவற்றையும் வைத்து, மனிதர்கள் ஏன் ஒருவர் பின்னால் போகிறார்கள் என்று ஆராய்வது. அமெரிக்காவின் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் 1992-இல் திறக்கப்பட்ட ஜெப்சன் பள்ளி இதற்கென்றே இளங்கலை அளவில் உருவானது. எழுத்தும் வாசிப்பும் பிடித்தவர்களுக்கு இந்த வகை.

இரண்டாவது, இடத்தை வைத்துப் படிப்பது. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்சன் மண்டேலா சிறையில் கழித்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் அங்கேதான். சுண்ணாம்புக் குழியில் கல் உடைத்த கைதிகள், அதே குழியில் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். முன்னாள் கைதிகளே அங்கு வழிகாட்டிகளாக நின்று விளக்கியிருக்கிறார்கள். பதவி, சம்பளம், சீருடை எதுவும் இல்லாதவர் எப்படித் தலைவராக இருக்க முடியும் என்ற கேள்வி வகுப்பறையில் ஒரு மாதிரியும் அந்தக் குழியின் ஓரத்தில் வேறு மாதிரியும் கேட்கும்.

இன்னோர் உதாரணம், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களம். 1863 ஜூலை 1-ஆம் தேதி மாலை, கூட்டமைப்புப் படைத் தளபதி லீ, தன் கீழிருந்த யூவெலுக்கு எதிரே இருந்த குன்றைப் பிடிக்கச் சொல்லி அனுப்பினார். கட்டளையில் 'சாத்தியப்பட்டால்' என்று ஒரு சொல் இருந்தது. யூவெலுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்து, அந்த மே மாதம் இறந்துபோன ஜாக்சனாக இருந்தால், அதை 'போய்ப் பிடி' என்று எடுத்துக்கொண்டிருப்பார் என்பார்கள். யூவெல் சூழ்நிலையைப் பார்த்தார், சாத்தியமில்லை என்று முடிவு செய்தார், போகவில்லை. பிழை சொன்னவருடையதா, கேட்டவருடையதா? ராணுவ அதிகாரிகளையும் நிறுவன மேலாளர்களையும் இன்றும் அந்த நிலத்துக்கே அழைத்துப் போய் இதை விவாதிக்க வைக்கிறார்கள். இந்தச் 'சாத்தியப்பட்டால்' படி 8-இல் மறுபடி வரும்.

மூன்றாவது வகை, அங்குள்ள ஓர் அமைப்பிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்துகொண்டே படிப்பது. கடினமானது, நிறையச் சொல்லிக் கொடுப்பதும் இதுதான்.

கால அளவைப் பற்றி என் கருத்து: இரண்டு வாரத்துக்குள் நாலு நகரம் காட்டுகிற திட்டம், பெயரில் எவ்வளவு பெரிய 'குளோபல் லீடர்ஷிப்' இருந்தாலும், சுற்றுலாதான். குறுகிய திட்டம் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் 5 முதல் 30 நாள் வரை நேரிலும் மீதி ஆன்லைனிலுமாக நடக்கும் தீவிரப் பாடங்கள் உண்டு. ஒரே பிரச்சினையைப் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து தீர்க்க வேண்டும் என்பதால் அவற்றில் விஷயம் இருக்கிறது.

படி 2: எந்த வழியாகப் போவது

உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒப்பந்தம் உள்ள இடத்துக்குப் போவதுதான் முதல் தேர்வு. எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தத்தில் பொதுவாக உங்கள் கட்டணத்தை உங்கள் பல்கலைக்கழகத்திலேயே கட்டுவீர்கள், அங்கே தனியாகக் கட்டணம் இல்லை. 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் இப்படித்தான் இயங்குகிறது. மேலே சொன்ன குறுகிய தீவிரப் பாடங்களைத் தவிர, படிப்புக்காகப் போவதென்றால் குறைந்தது 2 மாதம், ஒரு பட்ட நிலைக்கு அதிகபட்சம் 12 மாதம்.

உங்கள் பேராசிரியரே ஒரு குழுவை அழைத்துப் போவது இன்னொரு வழி. கிரெடிட் சிக்கல் கிட்டத்தட்ட இருக்காது. ஆனால் உங்கள் வகுப்பே விமானம் ஏறி வந்த மாதிரி இருக்கும். பழகிய முகங்கள், பழகிய பேச்சு. தனியார் ஏற்பாட்டாளர் மூலம் போவது மூன்றாவது. அதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மதிப்பெண் பட்டியலைத் தரப்போகும் பல்கலைக்கழகம் எது? பளிச்சென்று பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

படி 3: சிலபஸை வாங்கிப் படியுங்கள்

விளம்பரப் பக்கத்தைப் படிக்காதீர்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியது, மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறது என்பதை. முழுக்க எழுத்துத் தேர்வு என்றால் அதை இங்கேயே படிக்கலாம். குழு வேலைக்கும், நேரில் செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்புக்கும் கணிசமான பங்கு இருந்தால் நல்ல அறிகுறி. அனுபவம், அதைப் பற்றிய சிந்தனை, அதிலிருந்து ஒரு கருத்து, அதை மறுபடி சோதிப்பது என்று டேவிட் கோல்ப் 1984-இல் முன்வைத்த கற்றல் சுழற்சியைப் பல பாடங்கள் பெயருக்குச் சொல்லும். உண்மையில் சுழற்சி முடிகிறதா என்று பாருங்கள்: செய்ததையே இரண்டாவது முறை செய்ய வாய்ப்பு தருகிறார்களா?

இன்னொன்று. நீங்கள் சொதப்பினால் வகுப்புக்கு வெளியே யாராவது பாதிக்கப்படுவார்களா? அப்படி ஒருவராவது இருக்கும் திட்டத்தில்தான் பொறுப்பு என்பது பொறுப்பாக இருக்கும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. பயிற்சி இல்லாத மாணவரை ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகளுடன் சில வாரம் விட்டுவிட்டு அழைத்துவரும் திட்டங்களையும், மருத்துவ வேலை செய்ய விடும் திட்டங்களையும் தவிருங்கள். அங்கே உங்கள் கற்றலுக்கு விலை கொடுப்பவர் இன்னொருவர்.

முன்பு போய் வந்த இருவரிடம் பேசுங்கள். "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். "ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். உண்மை வெளியே வந்துவிடும்.

படி 4: கிரெடிட். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் ஒரு செமஸ்டர் பின்தங்குவீர்கள்.

தலைமைத்துவப் பாடத்துக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதற்கென ஒரு துறை கிடையாது. கணக்குப் பாடத்தைக் கொண்டுவந்தால் கணிதத் துறை பார்த்துக்கொள்ளும். தலைமைத்துவத்தைக் கொண்டுவந்தால் மேலாண்மைத் துறை 'எங்களுடையது அல்ல' என்னும், உளவியல் துறையும் அதையே சொல்லும். கடைசியில் அது விருப்பப் பாடக் கணக்கில் போய் விழும். அந்தக் கணக்கை ஏற்கெனவே நிரப்பியிருந்தால் உங்கள் உழைப்பு பட்டத்தில் எங்கும் சேராது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் விருப்பப் பாட இடங்களைத் தீர்த்துவிடாதீர்கள். இரண்டு மூன்றைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்து, அளவு. ஐரோப்பிய முறையான இசிடிஎஸ் கணக்கில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர வேலை. வகுப்பு, வாசிப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்து. 6 கிரெடிட் பாடம் என்றால் 150 முதல் 180 மணி நேரம். உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறாக இருந்தால் இந்த மணி நேரத்தை வைத்துப் பேசுங்கள். பாடத்தின் பெயரை வைத்து வாதாடுவதைவிட இது எடுபடும்.

பிறகு கற்றல் ஒப்பந்தம். நீங்கள் எடுக்கப்போகும் பாடங்கள், அவை இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்கப்படும் என்று நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திடும் காகிதம். எராஸ்மஸில் இது கட்டாயம். உங்கள் வழியில் கட்டாயமில்லை என்றாலும் ஒன்றைத் தயாரித்துக் கையெழுத்து வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம், போய்ட்டு வா" என்று வாயால் சொல்லும் பேராசிரியர் நல்லவராகவே இருக்கலாம். நீங்கள் திரும்பி வரும்போது அவர் விடுப்பில் இருப்பார்.

எனக்கு நடந்தது இதுதான். அங்கே போன இரண்டாவது வாரம், நான் எழுதிக் கொடுத்திருந்த பாடங்களில் ஒன்று ஆள் சேராமல் ரத்தானது. வேறொன்றை எடுத்தேன், ஒப்பந்தத்தை மாற்றவில்லை. திரும்பியதும் அந்தப் பாடத்தை ஏற்க வைக்க நாலு மாதம் அலைந்தேன். பாடம் மாறினால் அன்றைக்கே ஈமெயில் அனுப்பி, 'சம்மதம்' என்ற பதிலைச் சேமித்து வையுங்கள். கிளம்பும்போது எடுத்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை எப்படி மாற்றுவார்கள் என்பதையும் முன்பே கேளுங்கள். சில இடங்களில் வெறும் 'தேர்ச்சி' என்று மட்டும் பதிவார்கள், சராசரியைத் தொடமாட்டார்கள். துணிந்து கடினமான பாடத்தை எடுக்க அது நல்ல வாய்ப்பு.

படி 5: பணம்

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். விசா, காப்பீடு, வாடகை முன்பணம், பாடத்தின் பகுதியாக உள்ள பயணங்கள், அந்த மாதங்களில் நீங்கள் இழக்கும் பகுதிநேரச் சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். உதவித்தொகையில் தொகையைவிட நிபந்தனையை முதலில் படியுங்கள். உதாரணமாக அமெரிக்காவின் கில்மன் உதவித்தொகை, வசதி குறைந்த மாணவர்களுக்கு அந்நாட்டு மத்திய அரசு தரும் பெல் மானியத்தைப் பெறும் அமெரிக்க இளங்கலை மாணவர்களுக்கு மட்டுமானது. பெறுபவர் திரும்பி வந்ததும் தன் அனுபவத்தை மற்ற மாணவர்களிடம் கொண்டு சேர்க்கும் ஒரு பணியையும் செய்ய வேண்டும்.

படி 6: விண்ணப்பக் கட்டுரை

பத்தில் எட்டுக் கட்டுரை இப்படித்தான் தொடங்கும்:

"சிறு வயதிலிருந்தே எனக்குத் தலைமைப் பண்பு உண்டு. மாணவர் சங்கச் செயலாளராக இருந்து பல நிகழ்ச்சிகளை வெற்றிகரமாக நடத்தியிருக்கிறேன்."

பொய் இல்லை. ஆனால் எழுதியவரைப் பற்றி இதில் எதுவும் தெரியவில்லை. அதே மாணவரிடம் "எதாவது சொதப்பல் நடந்ததா?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுத வைத்தேன்:

"கருத்தரங்குக்கு 40 பேர் வருவார்கள் என்று அறை எடுத்தேன். 110 பேர் வந்தார்கள். கதவருகே நின்ற இரண்டு தன்னார்வலர்களுக்கும் அப்படி ஒரு நிலையில் என்ன செய்வதென்று நான் சொல்லி வைக்கவில்லை. அவர்களே பக்கத்து அறையைத் திறந்து ஒலிபெருக்கியை இழுத்து வைத்தார்கள். மாலை நன்றியுரையில் அவர்கள் பெயரைச் சொல்லக்கூட மறந்துவிட்டேன்."

இரண்டாவதைப் படித்தவர் இந்த மாணவரை நேரில் பார்க்க விரும்புவார். தேர்வுக் குழுவுக்கு உங்கள் பதவிப் பட்டியல் ஏற்கெனவே விண்ணப்பத்தில் இருக்கிறது. கட்டுரையில் வேண்டியது ஒரு முடிவு, அதன் விளைவு, அதில் உங்களுக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட ஏன் குறிப்பாக அந்த ஊர், அந்தப் பாடம் என்பதை இரண்டு வரியில் இணைத்தால் போதும். "பன்முகப் பண்பாட்டை அறிய ஆவல்" என்ற வரியை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியருக்கு வெறும் ஈமெயில் அனுப்பாதீர்கள். அவர் வகுப்பில் நீங்கள் செய்த இரண்டு வேலைகளைத் தேதியோடு நினைவூட்டி ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அவருக்கு 200 மாணவர்கள்.

படி 7: விசா, காப்பீடு

அந்தந்தத் தூதரகத்தின் விதியே இறுதி, அதனால் சுருக்கமாக. ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். ஒரு செமஸ்டர் அதைத் தாண்டும், எனவே அந்த நாட்டின் நீண்ட கால விசா வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவராகப் போனால் ஜே-1 விசா, அதற்கு உங்களை ஏற்கும் திட்டத்திடமிருந்து வரும் டிஎஸ்-2019 படிவம் வேண்டும். ஜே-1-க்குக் காப்பீட்டில் ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது விதி. திட்டத்தில் இன்டர்ன்ஷிப் இருந்தால், சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகள் அதை வேலையாகவே கருதும். விசா அதை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 8: போன முதல் மாதம்

கிளம்பும் முன் ஒரு வேலை. கடந்த ஓராண்டில் நீங்கள் மற்றவர்களுக்காக எடுத்த மூன்று முடிவுகளை எழுதி, அப்படி ஏன் முடிவு செய்தீர்கள் என்று ஒரு பத்தி சேர்த்து, உறையில் போட்டு மூடி வையுங்கள். திரும்பி வந்து பிரிக்க.

இன்னொன்று, குளோப் ஆய்வைப் பற்றி நாலு பக்கமாவது வாசியுங்கள். ராபர்ட் ஹவுஸ் தலைமையில் 62 சமூகங்களைச் சேர்ந்த சுமார் 17,000 இடைநிலை மேலாளர்களிடம் நல்ல தலைவர் யார் என்று கேட்டு, 2004-இல் முழுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். நேர்மை, நம்பிக்கை ஊட்டுவது போன்றவற்றை எல்லா இடத்திலும் விரும்பினார்கள். ஆனால் லட்சிய வெறி, எச்சரிக்கை, தனித்துச் செயல்படுவது போன்ற குணங்கள் ஓரிடத்தில் தகுதி, இன்னோரிடத்தில் குறை. உங்களுக்கு இங்கே பெயர் வாங்கிக் கொடுத்த குணம் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஐந்து பேர், ஐந்து நாடு. ஒரு தொண்டு அமைப்புக்குத் தன்னார்வலர் அட்டவணை போட்டுத் தர வேண்டும். முதல் கூட்டத்திலேயே நான் எழுந்து, பலகையில் வேலையைப் பத்து நிமிடத்தில் பிரித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். "முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்" என்றேன். வெள்ளிக்கிழமை ஒருவரிடமிருந்துதான் வந்தது. ஒருத்தி 'முடிந்தால்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டாள், முடியவில்லை, அனுப்பவில்லை. இன்னொருவன் ஆசிரியர் சரி சொல்லட்டும் என்று காத்திருந்தான். மற்றவனுக்குத் தலையாட்டியது 'காதில் விழுந்தது' என்பதற்கு மட்டும். நான் மரியாதைக்குப் போட்ட சொல், கெட்டிஸ்பர்க்கில் லீ போட்ட அதே சொல். அதைப் பாடமாகப் படித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது!

அதனால் முதல் மூன்று வாரம் எதற்கும் தலைமை ஏற்காதீர்கள். அங்கே கூட்டம் எப்படி முடிகிறது, எதிர்ப்பை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், மௌனத்துக்கு என்ன பொருள், முடிவு மேசையில் எடுக்கப்படுகிறதா அல்லது முந்தைய நாளே எங்காவது முடிந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். ஆட்டத்தில் ஆடிக்கொண்டே அவ்வப்போது மாடத்தில் ஏறி நின்று மொத்த ஆட்டத்தையும் பார்க்கச் சொல்கிறார் ஹார்வர்டின் ரொனால்ட் ஹைஃபெட்ஸ். நடைமுறையில் அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு குழுக் கூட்டத்துக்குப் பிறகும் மூன்று வரி: என்ன சொன்னேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. மூன்றாவது வரி இரண்டாவதோடு ஒத்துப்போகாத நாள்களைத்தான் செமஸ்டர் இறுதிக் கட்டுரையில் எழுதுவீர்கள்.

மனம் சோர்வதும் இதன் பகுதி. 1955-இல் நார்வே ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து, தொடக்க மகிழ்ச்சி, நடுவில் சரிவு, பிறகு ஏற்றம் என்று ஒரு வளைவைச் சொன்னார். எல்லாருக்கும் அப்படியே வராது. சிலருக்கு முதல் வாரமே மோசமாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் ஆலோசகரைப் பாருங்கள். வீட்டுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் வீடியோவில் பேசுவது மருந்தாகாது, நாளடைவில் நோயைக் கூட்டும்.

படி 9: திரும்பி வந்த பிறகு

விமானம் ஏறும் முன் மூன்றை முடியுங்கள்: அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல் எப்போது, யாருக்கு அனுப்பப்படும் என்று கேட்டு வையுங்கள், உங்களை வேலையில் பார்த்த ஒருவரிடம், நினைவு பசுமையாக இருக்கும்போதே கடிதம் வாங்குங்கள், நீங்கள் செய்த வேலையை அடுத்து வருபவர் தொடர ஒரு பக்கக் குறிப்பு எழுதி அந்த அமைப்பிடம் கொடுங்கள்.

திரும்பியதும் ஒரு சரிவு வரும். லிஸ்கார்டின் வளைவை 1963-இல் கல்லாஹார்ன் தம்பதியர் நீட்டித்து, சொந்த இடத்துக்குத் திரும்பும்போதும் அதே ஏற்ற இறக்கம் உண்டு என்றார்கள். "அங்கெல்லாம் அப்படி இல்லை" என்று நாளுக்கு நாலு முறை சொல்லி நண்பர்களின் பொறுமையைச் சோதிப்பீர்கள். அந்த நேரத்தில் மூடி வைத்த உறையைப் பிரியுங்கள். மூன்று முடிவுகளில் எதை இப்போது வேறு மாதிரி எடுப்பீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

வேலை நேர்காணலில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். "வெளிநாட்டில் என்ன கற்றீர்கள்?" என்று கேட்டால் பலர் 'தன்னம்பிக்கை, அனுசரித்துப் போவது' என்பார்கள், கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நான் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். ஐந்து பேர், பலகை, 'முடிந்தால்', வந்து சேர்ந்த ஒரே ஒரு ஈமெயில். அடுத்த வாரத்திலிருந்து வேலையைப் பிரித்தவுடன் "உன் பங்கு என்ன, எப்போது தருவாய் என்று நீயே சொல்" என்று ஒவ்வொருவரையும் கேட்டதையும், அட்டவணை இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் குழுவிலும் இதே கதைதான், போன வாரம்" என்றார்.